அந்நியரும் திராக்ஷை நிலமும்

மெக்ஸிகோவில், பஸிபிக் கரையிலுள்ள என்ஸெனாடா பட்டணத்தை அடுத்த குவாடலூப்பே பள்ளத்தாக்கு திராக்ஷை மதுவுக்குப் பேர்போனது. அங்கே தரிசு வாங்க விரும்பும் அமெரிக்கரை, 1917-ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவு தடுக்கிறது. கடற்கரைக்கு 50 கிலோமீட்டர், எல்லைக்கு 100 கிலோமீட்டர் வரை அந்நியருக்கு நேரான நிலப்பாத்தியதை இல்லை. 1848-ல் வடபாகத்தையே அமெரிக்காவிடம் இழந்த தேசத்திற்கு இக்காவல் மிகையென்று நாம் கருதவில்லை.

ஆயினும் 1993-ம் வருஷச் சட்டப்படி, பாங்கியின் பெயரில் பாத்தியதை நிற்க, அந்நியர் 50 வருஷம் வீட்டுநிலத்தை அநுபவிக்கலாம்; தவணையைப் புதுப்பிக்கவும் செய்யலாம். கதவைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான்! 'எஹீதோ' என்னும் குடியானவர் பொதுநிலமும், 1992-ம் வருஷத் திருத்தத்திற்குப் பின், அவர்கள் சபை சம்மதித்தால் தனிச்சொத்தாகி விலைபோகலாம். ஊறுவதினும் இறைப்பது மிகுந்துவிட்ட அப்பள்ளத்தாக்கில், மாளிகைகள் எழுந்தபின் குடியானவன் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை மெக்ஸிகோ சர்க்கார் சொல்லவேண்டும்.