கையளவு ஹரிக்கேன்

கடைகளில் அட்டைப் பெட்டியில் வைத்து விற்கப்பெறும் பிளாஸ்டிக் விமான உருவங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். பெட்டியின் மேல் வண்ணச் சித்திரம். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியிருக்கும் சிறு துண்டுகள். அவற்றை ஒன்றுசேர்க்கும் முறையைக் காட்டும் தாள். நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள். இவ்வளவே. இதனைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் முறையாகச் செய்யப் புகுவோமாயின், பொறுமையையும் வரலாற்றறிவையும் ஒருங்கே வேண்டி நிற்கும் ஒரு கைவேலை இது என்பது விளங்கும். இவ்வுரையில் ஒரேயொரு விமானத்தை எடுத்துக்கொண்டு, அதனை அமைக்கும் முறையையும், அம்முறையின் ஊடே நாம் அறிந்துகொள்ளத் தக்கதையும் காண்போம். அவ்விமானம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹரிக்கேன்.

சிட்னி காம் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் வகுத்த இவ்விமானம் 1935 நவம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. 1944-இல் உற்பத்தி முடிவதற்குள் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஹரிக்கேன்கள் செய்யப்பட்டன. 1940-இல் ஜெர்மானிய விமானங்களினின்றும் பிரிட்டனைக் காத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் நாம் இதனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. பர்மா எல்லையில் போர் நடந்தபோது இந்திய விமானப்படையின் படைப்பிரிவுகள் பல பறந்ததும் இதே விமானத்தில்தான். 1944-இல் ஜப்பானியப் படை இம்பாலைச் சூழ்ந்தது. மார்ச் இறுதியில் கோஹிமா-இம்பால் சாலை துண்டிக்கப்பட்டது. ஜூன் 22-ஆம் நாள்தான் அது மீண்டும் திறந்தது. அதுவரை உணவும் வெடிமருந்தும் ஆகாய வழியாகவே வந்தன. அந்நாட்களில் அர்ஜன் சிங் தலைமையில் முதலாம் ஸ்குவாட்ரன் இம்பாலிலிருந்து ஹரிக்கேன்களில் பறந்து, மலைக்காடுகளில் எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்த்தது. அவரே பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாகி, 2002-இல் விமானப்படை மார்ஷல் என்னும் உயர்பட்டம் பெற்றவர். ஆகவே நாம் அமைக்கப்போவது இம்பால் வானத்தில் பறந்த ஹரிக்கேன்.

முதலில் அளவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இவ்வகை உருவங்களில் பெருவழக்காயிருப்பது எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவு. அதாவது, உண்மை விமானத்தின் ஆறடி இங்கே ஓர் அங்குலம். 1930-களில் பிரிட்டனில் விற்ற மர உருவங்களில் பரவிய இவ்வளவு, போர்க்காலத்தில் வேறொரு பயனும் பெற்றது. தொலைவில் வரும் விமானம் நம்முடையதா, பகைவனுடையதா என்று நொடியில் அறியப் படையினரைப் பயிற்றுவதற்கு இத்தகைய உருவங்கள் தேவைப்பட்டன. 1942-இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களே அவற்றைப் பெருந்தொகையாகச் செதுக்கிக் கொடுத்தனர். நாற்பதடி இறக்கை வீச்சுள்ள ஹரிக்கேன் இவ்வளவில் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். அதனுள் அமர வேண்டிய ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடுவான். அளவைக் குறைப்பதும் ஒருவகை மொழிபெயர்ப்பே: வடிவம் சுருங்கலாம், பொருள் சிதையலாகாது.

இனி வேலைக்கு வருவோம். துண்டுகளைச் சட்டத்துடனேயே வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்துதல் முதற்பணி. அச்சில் வார்க்கும்போது படிந்த எண்ணெய்ப்பசை நீங்காவிடில் வண்ணம் பற்றாது. பின்னர் ஒவ்வொரு துண்டையும் கூரிய வெட்டுக்குறடால் நறுக்கியெடுத்து, நறுக்கிய இடத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கையால் முறித்தெடுத்தால் துண்டின் ஓரமும் உடன் பெயர்ந்துவிடும்.

விமானியின் அறையே முதலில் அமைய வேண்டிய பகுதி. உடலின் இரு பாதிகளும் மூடியபின் அங்கே தூரிகை எட்டாது. இருக்கை, கைப்பிடி, கருவிப் பலகை ஆகியவற்றுக்கு வண்ணமிட்டு உள்ளே பொருத்தியபின் இரு பாதிகளையும் சேர்க்கலாம். இதற்குரிய பசை சாதாரணப் பசையன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சற்றுக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குவது. ஆதலின் துளியளவே இடவேண்டும். சாளரம் திறந்திருக்க வேண்டும். ரப்பர் வளையமிட்டு ஓரிரவு அசையாது வைக்க வேண்டும். இணைப்பில் இடுக்கு தெரிந்தால், சுவருக்குப் பட்டி பார்ப்பது போல இதற்கும் பட்டியிட்டுத் தேய்க்கலாம்.

தேய்க்கும்போது ஓர் எச்சரிக்கை. ஹரிக்கேனின் பின்னுடல் உலோகத் தகட்டால் மூடப்பட்டதன்று. உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரக்கீற்றுகள் பதித்து, அவற்றின்மேல் துணி போர்த்தி இறுக்கியது. அக்கீற்றுகள் துணிக்கு அடியில் வரிவரியாகத் தெரியும். அவ்வரிகளைக் குறையென்று எண்ணி மழித்துவிடலாகாது. குண்டு துளைத்த துணியைப் போர்முனையிலேயே ஒட்டுப்போட்டு மீண்டும் பறக்கவிட முடிந்தது. அவ்வமைப்பின் நன்மை அது.

இறக்கைகள் இரண்டும் நுனி நோக்கிச் சற்றே உயர்ந்து நிற்கும். பசை உலர்வதற்குள் முன்னிருந்து பார்த்து, இருபுறமும் ஒரே உயரம் என உறுதிசெய்ய வேண்டும். சக்கரக் கால்கள் உள்நோக்கி மடங்குபவை. ஆகையால் விரியும்போது அகன்று நிற்கும். மேடுபள்ளமான தற்காலிகத் தளங்களில் இறங்குவதற்கு இவ்வகலம் உதவிற்று. விமானியறையின் கண்ணாடி மூடிக்கு முன் சொன்ன பசையை இட்டால் அது புகைபடர்ந்து மங்கிவிடும். மரவேலைக்குரிய வெள்ளைப் பசையே ஏற்றது.

வண்ணமிடுகையில் வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குச் செல்வது முறை. அடிப்பாகத்துக்கு வெளிர்நிறம், மேற்பாகத்துக்கு மண்பழுப்பும் அதன்மேல் கரும்பச்சைத் திட்டுகளும். ஒரே தடித்த பூச்சைவிட நீர்த்த இரு பூச்சுகள் மேலானவை. தடித்த வண்ணம் நுண்ணிய கோடுகளையெல்லாம் புதைத்துவிடும்.

எஞ்சியிருப்பது சின்னம் ஒட்டுதல். பலர் இதனைக் கடைசி அலங்காரம் என்று கருதுவர். நமக்கோ இதுவே தலையாய பகுதி. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே செந்நிறம் இருந்தது. ஜப்பானிய விமானத்தின் சின்னமும் செவ்வட்டம். தொலைவிலிருந்து நோக்குவோன் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் தன் படையினனையே சுட்டு வீழ்த்த நேரிடும். ஆகவே கிழக்குப் போர்முனையில் செந்நிறத்தை நீக்கிவிட்டு, கருநீல வட்டத்தின் நடுவே வெண்மையோ வெளிர்நீலமோ தீட்டினர். பெட்டியில் வரும் சின்னங்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் போருக்குரியவை. அவற்றை அப்படியே ஒட்டினால் நம் விமானம் ஆங்கிலக் கால்வாய்க்குப் போய்விடும். இன்றைய இந்திய விமானப்படையின் மூவண்ண வட்டத்தை ஒட்டுவதும் பிழை. அது நாடு குடியரசான 1950-இல் வந்தது. தனியே விற்கும் சின்னத் தாளைத் தேடி வாங்கவேண்டும். இன்றேல் வட்டமாக வெட்டிய தாளை மறைப்பாக வைத்துத் தீட்டவேண்டும். விரல்நுனியில் அடங்கும் அவ்வட்டத்தில் இம்பாலின் விமானி அடையாளம் பெறுகிறான். அதைத் தவறவிட்டால் அவன் மறைந்துபோகிறான்.

அவனை நினைக்குங்கால், கீழே இருந்தவர்களையும் நினைக்க வேண்டியுள்ளது. அதே போர்முனையில் இந்திய தேசிய இராணுவத்தின் படைப்பிரிவுகள் ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்டன. அவ்விராணுவத்தில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர். மேலே பறந்தவனும் இந்தியன், கீழே காட்டில் நடந்தவர்களிலும் இந்தியர் இருந்தனர். இருவரும் நாட்டுக்காகவே என்று நம்பினர். அதற்கு ஈராண்டு முன்னர், 1942-இல், இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு ஓடிவந்தனர். அவர்களுள் தமிழர் உட்படப் பலர் தமு, பாலேல் வழியாக இம்பாலுக்குக் கால்நடையாகவே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். தமுவுக்கு எதிரே, எல்லையின் இப்புறமுள்ள மோரேயில், 1960-களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர் குடும்பங்கள் குடியேறின. பிழைப்பின் பொருட்டும் பதவியின் பொருட்டும் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அந்த மலைச்சாலை அந்நியமானதன்று.

போர்க்கருவியைப் பொம்மையாக்கி மகிழலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கத்தக்க வினாவே. பெட்டிச் சித்திரத்தில் நெருப்பும் வீரமும் மட்டுமே இருக்கும். வேலையைப் பொறுமையாகச் செய்பவனுக்கோ ஓரங்குல மனிதன் அமரும் இடம் எவ்வளவு குறுகியது, அவனைச் சுற்றியிருந்த போர்வை எவ்வளவு மெல்லிய துணி என்பன தெரியவரும். அதனைத் தன் கையால் தடவிப் பார்த்தவன் போரைப் பற்றி எளிதாகப் பேசமாட்டான்.

டில்லியில் வாழும் அன்பர்கள் பாலத்திலுள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேன் ஒன்றை நேரிலேயே காணலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பின்னுடலின் வரிகளை அவர்களுக்குக் காட்டுங்கள். வீடு திரும்பியபின் பெட்டியைத் திறப்பது நல்லது.