ஒரு ஷில்லிங் செய்த வேலை

பொருட்காட்சிக்குப் போகும்போது நுழைவுச்சீட்டு வாங்குகிறீர்கள் அல்லவா? அந்தப் பணம் பிறகு என்ன ஆகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? 1851-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் மக்கள் கொடுத்த பணம் இன்றும் பயன் தந்துகொண்டிருக்கிறது.

அதற்காக ஹைடு பூங்காவில் எழுந்த கண்ணாடி மாளிகையே ஓர் அதிசயம். நீளம் 563 மீட்டர். சுமார் 3 இலட்சம் கண்ணாடித் தகடுகள்! அதைத் திட்டமிட்ட ஜோசப் பாக்ஸ்டன் ஒரு தோட்டக்காரர். தென் அமெரிக்காவின் இராட்சத அல்லியை வளர்த்தவர். அதன் மெல்லிய இலை ஒரு சிறுமியின் எடையையே தாங்கியது. எப்படி? இலையின் அடியில் தடித்த நரம்புகளும் குறுக்கு நரம்புகளும் சட்டம்போல் பிணைந்திருந்தன. இந்த முறையையே பாக்ஸ்டன் கையாண்டார். நரம்புகளுக்குப் பதில் இரும்பும் மரமும். இலைக்குப் பதில் கண்ணாடி! ஒரே அளவான உறுப்புகளைத் தொழிற்சாலைகளில் செய்து, கொண்டுவந்து பூட்டினார்கள். அதனால் ஓராண்டுக்குள் வேலை முடிந்தது.

மே 1 அன்று விக்டோரியா அரசி பொருட்காட்சியைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் கட்டணம் அதிகம். பெரும்பாலும் வசதி படைத்தவர்களே வந்தனர். மே 26 முதல் வாரத்தில் நான்கு நாள்களுக்கு ஒரு ஷில்லிங்தான் கட்டணம். எளிய மக்கள் திரண்டால் கலகம் மூளும் என்று பலர் அஞ்சினர். நடந்தது என்ன? தொழிலாளர்கள் குடும்பத்தோடு இரயிலேறி வந்தனர். நீராவியால் ஓடும் இயந்திரங்களைச் சூழ்ந்து நின்று அமைதியாகக் கண்டு களித்தனர். பஞ்சாபிலிருந்து பிரிட்டிஷார் கொண்டுபோன கோகினூர் வைரமும் அங்கு இருந்தது. ஆனால், அது எதிர்பார்த்தபடி மின்னவில்லையே என்று பலருக்கு ஏமாற்றம்! அக்டோபரில் பொருட்காட்சி முடிந்தபோது வருகை 60 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

செலவு போக 1,86,000 பவுன் மிஞ்சியது. அரசும் பணம் சேர்க்க, தென் கென்சிங்டனில் நிலம் வாங்கப்பட்டது. அறிவியல் அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அங்கேதான் எழுந்தன. 1891 முதல் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டது. அதைப் பெற்று 1895-இல் நியூசிலாந்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்தவர்தான், பின்னாளில் அணுக்கருவைக் கண்டறிந்த ரூதர்போர்டு. 1930-களில் நம் ஹோமி பாபாவும் அதே உதவித்தொகையைப் பெற்றார்.

கண்ணாடி மாளிகை இன்று இல்லை. சிடனம் என்ற இடத்துக்கு மாற்றிக் கட்டப்பட்ட அது 1936-இல் தீக்கிரையாயிற்று. ஆனால் அருங்காட்சியகங்கள் நிலைத்திருக்கின்றன, உதவித்தொகையும் தொடர்கிறது. கலகம் செய்வார்கள் என்று அஞ்சப்பட்டார்களே, அந்த மக்கள் கொடுத்த ஷில்லிங்குகளும் அவற்றில் கலந்திருக்கின்றன.