பிள்ளைகளின் படிப்புக்காகப் போராடிய கன்னங்கரா

"கடை வேலை இருக்கு, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் தருவாங்க" என்று யாராவது லயத்துக்கு வந்து பேசுவார். கடை கொழும்பில் இருக்கும், இல்லாவிட்டால் திருகோணமலைப் பக்கம் உப்புவெளிக் கடற்கரையில் இருக்கும். "படிச்சி என்ன தொரையாவா ஆகப்போறான்?" என்று வீட்டிலேயே ஒருவர் சொல்ல, எட்டாம் ஆண்டு படிக்கிற பையன் பஸ் ஏறிவிடுவான். அவன் விட்டுப்போகும் படிப்பு இந்த நாட்டில் சும்மா கிடைத்ததல்ல. அதற்காகப் பாடுபட்ட ஒருவரைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1884-இல் அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில் பிறந்தவர். புலமைப்பரிசில் கிடைத்ததால் காலி ரிச்மண்ட் கல்லூரியில் படித்தார், பிறகு வக்கீலானார். 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரி. அந்தக் காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்ட வேண்டும். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தாய்மொழிப் பள்ளியோடு சரி. நல்ல உத்தியோகமோ ஆங்கிலம் படித்தவனுக்குத்தான். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமே கூடாது என்றார் கன்னங்கரா. வசதிக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். அரசாங்க சபையில் நீண்ட விவாதம் நடந்து, கடைசியில் 1945 அக்டோபர் 1-ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளும் எழும்பின. அவற்றுக்குக் கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய வைத்த பரீட்சையின் வழியில் வந்ததுதான் இன்று நம் பிள்ளைகள் எழுதும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. இத்தனை செய்த மனிதர் 1947 தேர்தலில் மத்துகமையில் தோற்றுப்போனார்!

சரி, தோட்டத்துக்கு என்ன வந்தது? அதிகமாக ஒன்றும் வரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. பெரும்பாலும் ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு, அதற்குப் பிறகு கொழுந்து மலைதான். 1947-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948-இல் பிரஜாவுரிமையும் 1949-இல் வாக்குரிமையும் பறிபோக, 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. வாக்கில்லாதவர்களின் பிள்ளைக்கு யார் பேசுவார்? 1977-இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் தெரிவானார். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றதும் அந்த ஆண்டிலிருந்துதான். ஊர்ப் பிள்ளைக்குக் கிடைத்தது நம் பிள்ளைக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை படிப்பு கட்டாயம். 2021-இல் வேலைக்கு வைக்கும் ஆகக் குறைந்த வயதும் 14-இலிருந்து 16 ஆனது. வீட்டு வேலை, கடை வேலை என்று ஆள் பிடிக்க வருகிறவரிடம் முதலில் இந்த வயதுக் கணக்கைக் கேளுங்கள். போன பிள்ளையைப் பற்றித் தகவல் இல்லையென்றாலோ, அடி உதை என்று கேள்விப்பட்டாலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். இடையில் நின்ற பிள்ளையை மறுபடி சேர்ப்பது பற்றிப் பாடசாலை அதிபரிடம் போய்க் கேளுங்கள், வருஷம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.