மாணவரின் பகல் உறக்கம்: சோம்பலா, உறக்கக் கடனா?

வகுப்பில் தூங்கி வழியும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். உடலியல் நோக்கில் ஆராய்ந்தால், அவ்வுறக்கத்தில் மாணவனின் பொறுப்பைவிட நாம் வகுத்துள்ள கால அட்டவணையின் பொறுப்பு பெரிது என்பது புலனாகும்.

உடலின் கடிகாரம்

உறக்கத்தை இரண்டு இயக்கங்கள் ஆள்கின்றன என்று 1982-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் போர்பெலி என்னும் அறிஞர் விளக்கினார். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட உறக்க உந்துதல் பெருகுவது ஒன்று. ஒளியையும் இருளையும் ஒட்டி மூளையிலுள்ள உயிர்க் கடிகாரம் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இயங்குவது மற்றொன்று. வளரிளம் பருவத்தில் இவ்விரண்டும் மாறுகின்றன. உறக்க உந்துதல் மெதுவாகத் திரள்கிறது. உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் ஹார்மோன் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. தேர்வுப் படிப்பும் கைப்பேசியின் ஒளியும் இத்தாமதத்தை மேலும் நீட்டுகின்றன.

ஆயினும் உறக்கத்தின் தேவை குறைந்துவிடுவதில்லை. 13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. இரவு 11 மணிக்கு உறங்கி, காலை வகுப்பிற்காக 5.30 மணிக்கு எழும் மாணவிக்குக் கிடைப்பதோ ஆறரை மணி நேரமே. நாளொன்றுக்கு ஒன்றரை மணி வீதம், ஆறு பள்ளி நாள்களில் 9 மணி நேரக் கடன் சேர்ந்துவிடுகிறது. கவனம், நினைவாற்றல், மனநிலை ஆகிய மூன்றும் இதனால் பாதிக்கப்படுகின்றன.

ஒரே நேரம், இரு வேறு அந்தி

நாடு முழுமைக்கும் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய ஒரே நேரம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் அருணாசலப் பிரதேசத்துக்கும் குஜராத்துக்கும் இடையே சூரியன் உதிப்பதிலும் மறைவதிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேர வேறுபாடு உண்டு. மேற்கே அந்தி பிந்துவதால் பிள்ளைகள் உறங்குவதும் பிந்துகிறது; பள்ளி மணியோ அதற்கேற்பத் தள்ளி அடிப்பதில்லை. அந்தி பிந்தும் பகுதிகளில் பிள்ளைகளின் உறக்கம் குறைவதை இந்தியப் பொருளியல் ஆய்வும் காட்டியுள்ளது.

பகல் உறக்கத்தின் பயனும் எல்லையும்

சென்னையில் குறைந்த வருவாயுள்ள வயதுவந்தோரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், பணியிடத்தில் பிற்பகலில் சிறிது நேரம் உறங்கியவர்களின் வேலைத்திறனும் மனநலமும் மேம்பட்டன. சிங்கப்பூரில், இரவில் 5 மணி நேரமே உறங்க அனுமதிக்கப்பட்ட வளரிளம் பருவத்தினரை ஆய்வாளர்கள் பிற்பகலில் 1 மணி நேரம் உறங்கச் செய்தனர். அவர்களின் கவனம் தேறியது. எனினும் இரவில் நிறைவாக உறங்கியோரின் நிலையை எட்டவில்லை. ஆகவே பகல் உறக்கம் கடனுக்குச் செலுத்தும் வட்டியே தவிர, முதல் அன்று. அதுவும் பிற்பகல் 3 மணிக்கு முன் 20 அல்லது 30 நிமிட அளவில் அமைவது நலம். மாலையில் நெடுநேரம் உறங்கினால் உறக்க உந்துதல் தணிந்து, இரவு உறக்கம் மேலும் பிந்தும்.

செய்யத்தக்கவை

நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் அறிவுறுத்தியது. கலிபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இதனைச் சட்டமாக்கி, 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. மகாராஷ்டிர அரசு 2024-இல் நான்காம் வகுப்பு வரையுள்ள வகுப்புகளைக் காலை 9 மணிக்கு முன் தொடங்க வேண்டாம் என ஆணையிட்டது. உயிர்க் கடிகாரம் பிந்தி ஓடும் மேல்வகுப்பினர் இவ்வாணையில் அடங்கவில்லை.

கோடை வெயில், இரு முறை வகுப்புகள், பேருந்து வசதி ஆகியவை நடைமுறைத் தடைகளே. ஆயினும் இரு முறை இயங்கும் பள்ளிகளில் மேல்வகுப்புகளைப் பிந்திய முறைக்கு மாற்றுவதும், ஒரு முறைப் பள்ளிகளில் விடியற்காலைச் சிறப்பு வகுப்புகளைக் கைவிடுவதும் பெருஞ்செலவின்றி இயலும். இரவில் ஒளியைக் குறைப்பதும், விடுமுறையிலும் எழும் நேரத்தைப் பெரிதும் மாற்றாதிருப்பதும் வீட்டார் பொறுப்பு. போதிய அளவு உறங்கியும் பகலில் அயர்வு நீங்காத பிள்ளையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

கட்டடமும் நூலும் ஆசிரியரும் கல்விக்கு இன்றியமையாதவை. விழிப்புடன் அமர்ந்திருக்கும் மாணவர் இல்லையேல் அவற்றுக்குச் செலவிடும் பொருள் உரிய பயன் தராது. பள்ளி நேரத்தை வகுக்கும் அலுவலர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.