கணனிகளுக்கு ஒரு சுற்றுநிருபம்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலே, கப்பம் கோரும் நச்சுநிரலொன்று இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளக் கிடைக்கவில்லை. அங்கு இயங்கியதோ 2013ஆம் ஆண்டின் மென்பொருள். அதனை ஆக்கிய நிறுவனமே 2023 ஏப்ரலிற் பராமரிப்பைக் கைவிட்டிருந்தது.

மென்பொருளின் ஓட்டை வழியே கள்வர் நுழைவது எங்ஙனம்? கொட்டாஞ்சேனை மொத்த வியாபாரக் கடையொன்றை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். வாடிக்கையாளர் நீட்டிய சாமான் துண்டிலே, அரிசிக்கும் பருப்புக்கும் கீழே, "பணப்பெட்டியைத் திறந்து கொடு" என்றொரு வரி இருக்கிறது. புதிதாய் வந்த சிப்பந்தி அதை முதலாளியின் கட்டளையெனக் கொண்டு திறந்துவிடுகிறான். கணனியும் இவ்வாறே, தகவலாக வந்ததைக் கட்டளையென மயங்கி நிறைவேற்றுகிறது.

இதனைத் தடுக்கும் காவல் முறைகள் விண்டோஸ் 10 இனுள்ளேயே அமைந்துள்ளன. தகவலுக்கென ஒதுக்கிய நினைவகப் பகுதியிலிருந்து கட்டளை எதுவும் இயங்கலாகாது என்பது ஒன்று. நிரலின் பகுதிகளை நினைவகத்தில் இடம் மாற்றி மாற்றி வைப்பது மற்றொன்று. பணப்பெட்டி இருக்குமிடம் தெரியாத கள்வன் தடுமாறுவான் அல்லவா? ஆயினும், பழைய மென்பொருளைப் புதுப்பிக்கும் கடமைக்கு இவை ஈடாகமாட்டா.

வெள்ளவத்தைக் காலி வீதியிலே நாற்பது கணனிகள் கொண்ட கந்தோரில், ஒவ்வொன்றாக இவற்றை அமைக்கப் புகுந்தால் ஒன்றேனும் விடுபடும். கள்வனுக்கு அவ்வொன்றே போதும். ஆகவே பொறுப்பாளர் ஒரு கணனியில் மட்டும் யாவற்றையும் செவ்வனே அமைத்து, அவ்வமைப்பை எக்ஸ்.எம்.எல். கோப்பாக வெளியெடுக்கிறார். வலையமைப்பிலே பொதுவான ஓரிடத்தில் அதனை வைத்து, தலைமைக் கணனியின் குழுக் கொள்கையில் அவ்விடத்தைக் குறிப்பிடுகிறார். கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் எல்லாப் பாடசாலைகளுக்கும் செல்வதுபோலவே இதுவும். கணனிகள் வழமையாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையளவில் கொள்கையைப் புதுப்பித்துக்கொள்ளும்.

அக்கோப்பை எல்லாக் கணனிகளும் வாசிக்கலாம். திருத்தும் உரிமையோ பொறுப்பாளருக்கே இருத்தல் வேண்டும். வேறொருவர் கைவைத்தால் நாற்பது பூட்டுகளும் ஒருங்கே கழன்றுவிடும். கோப்பிலே ஒரு பிழை நேரினும் அது நாற்பதுக்கும் பரவும். பழைய கணக்கு மென்பொருள் சில, காவல் இறுகியதும் இயங்க மறுப்பதுண்டு. எனவே, தடுக்காமற் பதிவுமட்டும் செய்யும் சோதனை நிலையில், அந்நிலைக்கு இடந்தரும் காவல்களை முதலில் இரண்டொரு கணனிகளில் ஓடவிட்டு, மாதக் கணக்கு முடிக்கும் நாள் கடந்தபின் ஏனையவற்றுக்கு அனுப்புவதே நன்று.