வீட்டைக் காக்கும் மின்சுற்று

நுழையும்முன்

ஒரு வீடு பழமை அடையும்போது சுவரில் காரை உதிர்வதும் கூரை ஒழுகுவதும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. சுவருக்குள் ஓடும் மின்கம்பி நலிவடைவதோ தெரிவதில்லை. பழைய வீட்டின் மின்னிணைப்புகளை மாற்றியமைக்கத் திட்டமிடும் முறையையும், அதற்கேற்ற பாதுகாப்புக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மாறிய தேவை, மாறாத கம்பி

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்ட வீடுகளில் மின்சாரத்தின் பயன்பாடு குறைவு. அறைக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, கூடத்தில் ஒரு தொலைக்காட்சி என்ற அளவில் தேவைகள் அடங்கின. மரப்பட்டிகைகளின்மேல் கம்பிகள் ஓடின. வாயிலருகே பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருந்தன. இன்று அவ்வீட்டிலேயே குளிரூட்டி, வெந்நீர்க் கொதிகலன், துணி துவைக்கும் இயந்திரம், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவை இடம்பெற்றுள்ளன. கருவிகள் பெருகின, கம்பி மட்டும் மாறவில்லை.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். கருவியின் திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால், அது ஏற்கும் மின்னோட்டம் ஏறத்தாழக் கிடைக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 2000 வாட் கொதிகலன், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஆகிய மூன்றும் ஒரே கம்பியிலிருந்து ஒரே வேளையில் இயங்கினால் மொத்தத் திறன் 5000 வாட். அக்கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 21.7 ஆம்பியர். பழைய வீடுகளில் இத்தகைய இணைப்பு 15 ஆம்பியருக்கே அமைக்கப்பட்டிருக்கும்.

கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது ஜூல் விதி. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இவ்வெப்பம் நாள்தோறும் தாக்க, கம்பியின் மேலுள்ள காப்புறை உலர்ந்து வெடிக்கும். கம்பிகள் ஒன்றையொன்று தொடும் நாளில் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீ மூளும். ஃபியூஸ் இழை அடிக்கடி உருகுகிறது என்பதற்காகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் பழக்கம் இவ்விபத்திற்கு வழி திறந்துவிடுகிறது.

கணக்கில் தொடங்கும் திட்டம்

மின்னிணைப்பை மாற்றியமைக்கும் பணி சுவரை உடைப்பதில் தொடங்குவதில்லை, தாளில் தொடங்குகிறது. முதலில், வீட்டில் உள்ள கருவிகளையும் வருங்காலத்தில் வாங்கக்கூடியவற்றையும் அறைவாரியாகப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றின் திறனையும் எழுதி மின்னோட்டத்தைக் கணக்கிட வேண்டும்.

அடுத்து, கருவிகளைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்க வேண்டும். விளக்குகளும் மின்விசிறிகளும் ஒரு வகை. விளக்குச் சுற்று ஒன்றில் பத்து முனைகளுக்கு மேலும், 800 வாட்டிற்கு மேலும் சேர்ப்பதில்லை என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வரையறை. கொதிகலன், குளிரூட்டி, சமையலறை அடுப்பு போன்ற பெருந்திறன் கருவிகளுக்குத் தனித்தனிச் சுற்றுகள் வேண்டும். இவ்வாறு பிரித்தால், சமையலறையில் பழுது நேரும்போது படிக்கும் அறையின் விளக்கு அணையாது.

மூன்றாவதாக, ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பியின் பருமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய்க்குள் செல்லும் செம்புக் கம்பி, நம் வெப்பநிலையில் தாங்கக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 14 ஆம்பியர், 2.5 சதுர மில்லிமீட்டருக்கு 20 ஆம்பியர், 4 சதுர மில்லிமீட்டருக்கு 26 ஆம்பியர். ஒரே குழாயில் பல சுற்றுகளின் கம்பிகளைத் திணித்தால் வெப்பம் வெளியேற வழியின்றி இவ்வளவு மேலும் குறையும்.

கம்பியைக் காக்கும் முறிப்பான்

கம்பி முடிவான பின்னரே முறிப்பானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.சி.பி. எனப்படும் சிறு மின்சுற்று முறிப்பானுக்குள் இரு உறுப்புகள் உள்ளன. ஒன்று, ஈருலோகப் பட்டை. மின்னோட்டம் அளவு மீறி நீடிக்கும்போது அது சூடாகி வளைந்து சுற்றைத் துண்டிக்கும். மற்றொன்று, மின்காந்தச் சுருள். குறுக்குச்சுற்றால் மின்னோட்டம் திடீரெனப் பன்மடங்கு பெருகும்போது அது நொடியின் சிறு பகுதிக்குள் சுற்றைத் துண்டிக்கும்.

தேர்வுக்குரிய விதி எளியது. முறிப்பானின் அளவு, கருவிகள் ஏற்கும் மின்னோட்டத்திற்குக் குறையாமலும் கம்பி தாங்கும் மின்னோட்டத்திற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். 2000 வாட் கொதிகலன் ஏற்பது 8.7 ஆம்பியர், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி தாங்குவது 20 ஆம்பியர். எனவே 16 ஆம்பியர் முறிப்பான் பொருந்தும். அதே கம்பியில் 32 ஆம்பியர் முறிப்பானைப் பொருத்தினால், 30 ஆம்பியர் ஓடினாலும் அது துண்டிக்காது. அப்போது கம்பியில் தோன்றும் வெப்பம், தாங்கும் அளவைப்போல் இரண்டேகால் மடங்காகிவிடும். முறிப்பான் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிது என்ற எண்ணம் தவறானது.

முறிப்பான்களில் பி, சி, டி என்னும் வகைகள் உண்டு. பி வகை, தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே துண்டிக்கும். சி வகை, 5 முதல் 10 மடங்கில் துண்டிக்கும். விளக்கு, கொதிகலன் ஆகியவற்றுக்குப் பி வகை ஏற்றது. குளிரூட்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டார் போன்றவை தொடங்கும் கணத்தில் மிகுதியான மின்னோட்டத்தை ஏற்பதால், அவற்றுக்குச் சி வகை பொருந்தும்.

உயிரைக் காக்கும் கருவி

எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதரை அன்று. 30 மில்லிஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் உடலில் நீடித்துப் பாய்ந்தால் இதயத்துடிப்பு சீர்குலைந்து உயிர் போகக்கூடும். 16 ஆம்பியர் முறிப்பானின் அளவு இதைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மிகுதி. ஒருவர் மின்தாக்குதலுக்கு உள்ளாகும்போது அம்முறிப்பான் அதை உணர்வதே இல்லை.

இக்குறையைத் தீர்ப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவு முறிப்பான். ஃபேஸ் கம்பி வழியே செல்லும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பி வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை அது இடைவிடாது ஒப்பிடுகிறது. சென்றதில் ஒரு பகுதி மனித உடல் வழியே நிலத்திற்குக் கசிந்தால் சமநிலை குலையும். கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும். வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் உணர்திறன் கொண்டதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் தொட்டவரை இக்கருவியாலும் காக்க இயலாது. மிகுபளுவையும் இது உணராது. ஆகவே எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் தேவை.

நிலத்தொடர்பின் பணி

கொதிகலனின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அதை நிலத்திற்குக் கொண்டுசெல்வது பச்சை நிற நிலத்தொடர்புக் கம்பி. நிலத்தொடர்பின் மின்தடை 5 ஓம் எனக் கொள்வோம். அப்போது பாயும் மின்னோட்டம் 46 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதை உடனே துண்டிக்காது. சில நொடிகள் முதல் ஒரு நிமிடம்வரைகூட ஆகலாம். அதுவரை அக்கருவியின் உடல் ஆபத்தானதாகவே இருக்கும். மின்கசிவு முறிப்பானோ நொடியில் மூன்றில் ஒரு பங்கிற்குள் துண்டித்துவிடும். நிலத்தொடர்பு இருந்தால், மனிதர் தொடுவதற்கு முன்பே கசிவு வெளிப்பட்டுவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

வீட்டு மின்னிணைப்பிற்கு ஐ.எஸ். 732, நிலத்தொடர்பிற்கு ஐ.எஸ். 3043, காப்புறையிட்ட கம்பிகளுக்கு ஐ.எஸ். 694 ஆகிய இந்தியத் தரநிலைகள் வழிகாட்டுகின்றன. கம்பி வாங்கும்போது உறையின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பணி நிறைவும் பராமரிப்பும்

மின்னிணைப்புப் பணியை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடமே ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் நியூட்ரல் கம்பியும் பிற சுற்றுகளோடு கலவாமல் தனித்திருக்க வேண்டும். கலந்தால் மின்கசிவு முறிப்பான் காரணமின்றி அடிக்கடி துண்டிக்கும். பணி முடிந்ததும் மெக்கர் கருவியால் காப்புறையின் தடையையும், நிலத்தொடர்பின் தடையையும் அளந்து பார்க்க வேண்டும். பகிர்மானப் பெட்டியில் எந்த முறிப்பான் எந்த அறைக்கு உரியது என எழுதி ஒட்ட வேண்டும். மின்கசிவு முறிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று.

முறிப்பான் அடிக்கடி விழுந்தால் அதை இடையூறாகக் கருதிப் பெரியதை மாற்றிப் பொருத்தக் கூடாது. சுற்றில் பளு மிகுந்துள்ளது அல்லது பழுது உள்ளது என்பதை அது அறிவிக்கிறது. அதன் காரணத்தைத் தேடிக் களைவதே அறிவுடைமை. பத்தாம் வகுப்பில் கற்ற ஓம் விதியும் ஜூல் விதியும் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் வீட்டில் உறங்குவோரின் உயிர்காக்கும் கணக்கும் அவையே.