அழியாத பெட்டி எது?

தாயார் இறந்த ஏழாம் நாள் மன்றாட்டுக்காக ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மூத்த மகன் ஒரு சிறு கருப்புப் பெட்டியைக் கணிப்பொறியோடு இணைப்பதும் கழற்றுவதுமாக இருந்தார். பத்து ஆண்டுகளின் குடும்பப் படங்களும், பேரக் குழந்தைகளுக்கு அந்த அம்மையார் கதை சொல்லும் ஒளிப்பதிவும் அந்த ஹார்ட் டிஸ்க்கினுள் இருந்தன. அது ‘டிக், டிக்’ என்று ஒலித்ததேயன்றித் திறக்கவில்லை. “சாமி, பீரோவில் பூட்டித்தானே வைத்திருந்தேன்!” என்று அவர் கலங்கினார்.

அவரிடம் அக்கறை குறைவாக இருந்ததென்று கூற இயலாது. பூட்டி வைத்ததெல்லாம் நிலைத்திருக்கும் என்று நம்பியதே அவர் செய்த பிழை. நம் இல்லங்கள் பலவற்றில் இன்று நிலவும் நம்பிக்கையும் அதுவே. ஆகவேதான், “நெடுநாள் அழியாத பெட்டி எது?” என்று கேட்கிறோம்.

இக்கேள்விக்கு இங்கிலாந்தின் அனுபவம் ஒன்று விடை கூறும். 1086-ஆம் ஆண்டு மன்னர் முதலாம் வில்லியம், தம் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்துத் தோல் ஏடுகளில் எழுதச் செய்தார். ‘டூம்ஸ்டே’ எனப்படும் அந்நூலின் 900-ஆம் ஆண்டு நினைவாக, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு நாட்டு விவரத் தொகுப்பை வெளியிட்டது. பள்ளிச் சிறுவர் உட்படப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திரட்டிய செய்திகள் லேசர் தட்டுகளில் பதியப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. அறிஞர்கள் பெரிதும் முயன்றே அவற்றை மீட்டனர். தோல் ஏடோ இன்றும் படிக்கக் கிடைக்கிறது. பொருள் கெடாதிருந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கும் கருவியும் நம்மிடையே இருக்கவேண்டும் என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

இனி, நம் கைக்கு எட்டும் சாதனங்களைப் பார்ப்போம். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒன்று வேகமாகச் சுழல, மயிரிழையினும் குறைந்த இடைவெளியில் ஒரு முனை அதன்மேல் இயங்குகிறது. கீழே விழுந்தால் கெடும். விழாவிடினும் நாளடைவில் தேயும். அதற்கு அளிக்கப்படும் உத்தரவாதம் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே. அதுவும் பெட்டிக்கேயன்றி உள்ளிருக்கும் படங்களுக்கன்று! ஆயினும், மிகுதியான படங்களைக் குறைந்த செலவில் வைக்க இதுவே ஏற்றது.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. ஆகியவற்றில் சுழலும் உறுப்பு இல்லை. நுண்ணிய அறைகளில் தேங்கும் மின்னேற்றமே அவற்றில் பதிவாக நிற்கிறது. மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அம்மின்னேற்றம் சிறிது சிறிதாகக் கசியும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். எடுத்துச் செல்வதற்கு இவை நல்லவை. இழுப்பறையில் போட்டு மறப்பதற்கு நல்லவையல்ல. வீட்டில் நாம் பதிவு செய்யும் சி.டி.களிலோ சாயப் படலம் ஒன்று உண்டு. வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். மேலும், இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் சி.டி. செலுத்த இடமே இல்லை.

இணையச் சேமிப்பின் பெருநன்மை, வீடு அழிந்தாலும் படம் அழியாது என்பதாகும். ஆனால் அதுவும் வாடகை வீடே. நம் இளைஞர் பலர் படங்களை ஏற்றிய ஆர்க்குட் தளம் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நெறியைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. இன்னொன்றையும் மறத்தலாகாது: கைப்பேசியும் இணையக் கணக்கும் ஒத்திசைந்திருக்கையில், ஓரிடத்தில் அழித்த படம் மற்ற இடத்திலும் அழிந்துபோகக்கூடும்.

எனவே, அழியாத பெட்டி என்று ஒன்று இல்லை. அழியாமல் காக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவச் செய்த ‘மூன்று – இரண்டு – ஒன்று’ என்னும் நெறியே அது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறோர் இடத்தில். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2015-ஆம் ஆண்டின் சென்னை வெள்ளத்தையும் கண்ட நமக்கு, அந்த ‘வேறோர் இடம்’ எதற்கென்று விளக்கத் தேவையில்லை. திருச்சபைக்கும் இது புதிதன்று. பங்கின் பதிவேடுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு நகல் எடுத்து ஆயர் இல்லத்திற்கு அனுப்புமாறு 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பணித்திருந்தது.

இதை இல்லத்தில் எவ்வாறு செய்வது? ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில் இருக்கட்டும். மூன்றாம் பிரதி இணையத்தில் இருக்கட்டும். படங்களை ஜேபெக், ஆவணங்களை பி.டி.எஃப். போன்ற பரவலான வடிவங்களில் வையுங்கள். ஆண்டுக்கொரு நாள், கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2-ஆம் நாளாயின் நினைவில் நிற்கும், அனைத்தையும் இணைத்து, சில கோப்புகளையேனும் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை, பழையது பழுதாகுமுன் புதியதற்கு மாற்றுங்கள். கடவுச்சொற்களை எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, அது இருக்குமிடத்தை வாழ்க்கைத் துணையிடம் சொல்லுங்கள். மிக முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஆண்டும் குறியுங்கள். பெயர் தெரியாத படம் அடுத்த தலைமுறைக்கு அந்நியரின் படமே.

அந்த மகனின் பெட்டி கடைசிவரை திறக்கவில்லை. ஆனால் கதை சொல்லும் ஒளிப்பதிவில் இரண்டு நிமிடப் பகுதியை முன்பொருமுறை தம் தங்கைக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அது தங்கையின் கைப்பேசியில் இருந்தது. படம் சற்று மங்கல், குரல் தெளிவு. பூட்டி வைத்தது போயிற்று. பகிர்ந்து வைத்தது எஞ்சியது. இன்று அந்த இரண்டு நிமிடங்கள் மூன்று வீடுகளில் இருக்கின்றன.